சனாதிபதியின் தாளுக்குப் போட்ட பிளாஸ்ரிக்

பிரெஞ்சு கதைக்கிற புலம்பெயர்ந்த ஊரில், கோட்-டெ-நெய்ஜ் ஆஸ்பத்திரியில் நோயாளர் கட்டில் தள்ளித் தள்ளியே முதுகு வளைந்தவர் இரவிச்சந்திரன். யோகராணிக்குப் புருசன், முறைக்கு ஒன்றுவிட்ட மச்சான். அந்தக் குடும்பத்தில் ஆளுக்கொரு பைத்தியம். மூத்தவருக்குச் சீட்டாட்டம், நடுவிலாருக்குக் கோயில் நிர்வாகம். இவருக்கு அமெரிக்க சனாதிபதிமாரின் கையெழுத்துச் சேர்ப்பது.

சிரிக்கவேண்டாம். அந்த மனுசனின் ஆயுள் முழுக்க யாரோ போட்ட கையெழுத்தில்தான் ஓடியது. ஒரு கையெழுத்து அகதியாக வந்தவரை இந்த நாட்டில் இருக்கவிட்டது. இன்னொன்று யோகராணியின் தம்பி கஜீவனை இங்கே வரவிடாமல் மறித்தது. தாய் தகப்பனை இழந்த பொடியன். வயது பதினெட்டுக்குள் என்றால் தமக்கை கூப்பிடலாம். ஆனால் ஊரில் சண்டைக்குள் இடம்பெயர்ந்து போன மழையில் யோகராணி சேலைக்குள் சுற்றிக் கொண்டுபோன அவனுடைய பிறப்புப் பத்திரம் ஊறி, திகதி கரைந்துவிட்டது. மறுபிரதி எடுக்கப் பதிவுப் புத்தகமும் இல்லை, எரிந்துபோனது. வயதை நம்பமுடியாது என்று குடிவரவுக் கந்தோரில் மறுத்துக் கையெழுத்து வைத்தார்கள். கடைசிச் சண்டையில் கஜீவன் எங்கே விழுந்தான் என்று சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை.

"ஒரு பிளாஸ்ரிக் போட்டு வைச்சிருந்தா உம்மட தம்பி இண்டைக்கு இஞ்ச இருந்திருப்பான்," என்றார் இரவிச்சந்திரன். ஒருநாள் அல்ல, வருசக்கணக்காக.

யோகராணி, தாளைச் சூடாக்கிப் பிளாஸ்ரிக்குக்குள் ஒட்டுகிற ஒரு லமினேற்றிங் மெசின் வாங்கினாள். பிள்ளைகளின் றிப்போட், கலியாணப் பதிவு, தடுப்பூசித் துண்டு, எல்லாம் அந்த வீட்டில் பிளாஸ்ரிக்குக்குள் போயின.

பக்கத்து ஊரான லொங்குய்யில் ஒரு நூலகத்தில் கையெழுத்துச் சேர்ப்போர் சங்கம் கூடும். இரவிச்சந்திரன் முதல் ஆளாகப் போய்க் கதிரை அடுக்குவார். "மெர்சி, ரவி" என்று நன்றி சொல்வார்கள். வருடாந்தக் கண்காட்சியில் மட்டும் அவருக்கு இடமில்லை. அவரிடம் இருந்ததெல்லாம் சனாதிபதியின் கை படாத, மெசின் போட்ட கையெழுத்தாம். கடைசியில் ஒன்று அகப்பட்டது. நூறு வருசப் பழசான ஒரு அமெரிக்கக் கிராமத்துத் தபாலதிபரின் நியமனப் பத்திரம். சனாதிபதியே மையால் ஒப்பமிட்டது. சங்கத் தலைவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, இந்த முறை உன் பெயரில் ஒரு கண்ணாடிப்பெட்டி என்றார். அந்தப் பெயர் எழுதிய அட்டையை நினைத்தே அவருக்கு நித்திரை வரவில்லை.

கண்காட்சி அன்று விடிய, பத்திரம் மேசையில் மினுமினுத்துக்கொண்டு கிடந்தது.

"இஞ்சேருங்கோ, மழையாம் எண்டு ரேடியோவில சொன்னவை. ஓரமும் உதிருது. நான் பக்குவமாப் பிளாஸ்ரிக் போட்டு வைச்சிருக்கிறன்."

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆனாலும் கொண்டுபோனார். தலைவர் விரலால் ஒருதரம் தடவினார், சரிவராது என்று தலையை ஆட்டினார். பெட்டிக்குள் வேறொருவரின் கடிதம் போனது. பின்வரிசைக்கு நாலு கதிரை குறைகிறது என்று அவரிடம் சொன்னார்கள். கொண்டுவந்து போட்டார்.

வீட்டுக்கு வந்தபோது யோகராணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"பெட்டிக்குள்ள வைச்சவையோ?"

"இல்லை. சூட்டில வெந்துபோச்சாம். இனி அது குப்பைதானாம். நீ ஏன் தொட்டனீ? உனக்கு ஆர் சொன்னது?"

அவளை மரியாதையாக 'நீர்' என்று கதைக்கிற மனுசன். கோபம் ஏறினால்தான் 'நீ'.

"நீங்கள்தான் சொன்னனீங்கள்," என்றாள் அவள், கீரையிலிருந்து கண் எடுக்காமல். "தம்பியின்ரைக்குப் போடேல்லை, அதுவும் என்ர பிழை. இதுக்குப் போட்டன், இதுவும் என்ர பிழை. உங்களுக்கு ஒரு கண்ணாடிப்பெட்டி போச்சு. எனக்கு என்ன போனது எண்டு ஒரு நாளாவது கேட்டனீங்களே?"

அவர் குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்தார். அவள் எழுந்து மெசினைத் தூக்கிக்கொண்டுபோய்க் குப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்து, சோறு போட்டாள்.

அடுத்த கூட்டத்துக்கும் இரவிச்சந்திரன் போனார். கதிரை அடுக்க ஆள் வேண்டுமே. வீட்டில் இப்போது அவர் திரும்பவும் 'நீர்' என்றுதான் தொடங்குகிறார். சொல்லி முடிக்குமுன் யோகராணி மற்ற அறைக்குப் போய்விடுகிறாள்.