நயினாதீவுக்குப் போன கார் சீற்

காலை ஆறரைக்கு நல்லூரில் வாடகை வான் வந்து நின்றபோது, பைகளை விட்டுவிட்டு நான் முதலில் தூக்கிக்கொண்டு ஓடியது பிள்ளையை இருத்திக் கட்டும் கார் சீற்றைத்தான். அது 2003 ஆவணி, சண்டை ஓய்ந்திருந்த காலம். மகன் பிறந்தபோது மாமி வைத்த நேர்த்திக்கடனுக்காக, இரண்டு வயது ஆதவனுக்கு நயினாதீவு அம்மன் கோவிலில் மொட்டை அடிக்கப் போகிறோம். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. றொரன்ரோவிலிருந்து நானும் பிள்ளையும் மட்டும்தான் வந்திருந்தோம். அங்கே இந்தச் சீற் இல்லாமல் பிள்ளையைக் காரில் ஏற்றினால் பொலிஸ் தண்டம் எழுதும். அதை இவ்வளவு தூரம் காவி வந்ததற்கு உறவுக்காரர் எல்லோரும் சிரித்தார்கள். ஊர்வாயை மூட உலைமூடி ஏது?

வான்காரர் சிவராசா அண்ணை அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“இதென்ன தங்கச்சி, கதிரைக்கு மேலை இன்னொரு கதிரையோ?”

“பிள்ளையை இதிலை வைச்சுக் கட்டோணும் அண்ணை. பின்னுக்குப் பெல்ற் எங்கை?”

“ஆக்களுக்குக் குத்துதெண்டு வெட்டிப்போட்டன். என்ரை மூண்டும் மடியிலை இருந்துதான் வளந்ததுகள். ஒண்டும் நடக்கேல்லையே.”

“நடக்குமட்டும் ஒண்டும் நடக்காதுதானே!”

அவர் முகம் சுருங்கியது. ஆனாலும் நைலோன் கயிறு எடுத்துவந்து, சீற்றை வானின் இருக்கையோடு இறுக்கிக் கட்டினார். படகு ஏறும் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர்.

ஏழு மணிக்குப் பண்ணைப் பாலச் சோதனைச்சாவடி. ஆமிக்காரன் சீற்றின் மெத்தையைத் தட்டித் தட்டிப் பார்த்தான். பிள்ளை அவனைப் பார்த்துச் சிரித்தது. மண்கும்பானைத் தாண்டியதும் பனைகளுக்குள் இருந்து ஓர் ஆடு குறுக்கே பாய்ந்தது. அண்ணை பிரேக்கை மிதித்த வேகத்தில் என் நெற்றி முன்கதிரையில் மோதி வீங்கியது. ஆதவன் அசையவே இல்லை.

“கட்டினது நல்லதாப் போச்சு” என்றார் அண்ணை. வலியை மறந்து பெருமைப்பட்டேன். அந்தப் பெருமைதான் அடுத்ததாக ஒரு பிழையைச் செய்வித்தது.

எட்டரைக்குக் குறிகட்டுவான். அண்ணை வானோடு நின்றுவிட்டார். மரப்படகில் படியிறங்கிக் கீழ்த்தட்டுக்குப் போனால், பலகை இருக்கைகளில் சனம் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது. வானிலிருந்து அவிழ்த்துவந்த அதே கயிற்றால் சீற்றைப் பலகையோடு கட்டி, ஆதவனை இருத்திப் பெல்ற்றையும் பூட்டினேன். பக்கத்தில் இருந்த நயினாதீவு அக்கா, “ராசா மாதிரி இருக்கிறார்” என்றார்.

நடுக்கடலில், தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்று பிடித்தது. படகு ஒருபக்கம் சரிய, தண்ணீர் உள்ளே அடித்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. வான் சடுதியாக நின்றால் பிள்ளை எறிபடக்கூடாது, சரி. படகு கவிழ்ந்தால்? இந்தக் கயிறு பிள்ளையைப் படகோடு சேர்த்துக் கீழே கொண்டுபோகும். நானே, என் கையால் கட்டியிருக்கிறேன்.

பெல்ற்றின் சிவப்புப் பொத்தானை அமத்தினேன். பிள்ளை அழுது முன்னுக்குத் திமிறியதில் பெல்ற் இறுகிப்போயிருந்தது.

“அக்கா, இது கழருதில்லை!”

“நான் பிள்ளையைப் பின்னாலை தள்ளிப் பிடிக்கிறன், நீர் அமத்தும்!”

கழன்றது. அவனை அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

“பயப்பிடாதையும். நாங்கள் எந்தநாளும் போய்வாறனாங்கள்” என்றார் அக்கா.

“உங்களுக்கு நீந்தத் தெரியுமோ அக்கா?”

“எனக்கு ஏலாது” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நயினாதீவுத் துறையில் ஏற்கெனவே இரண்டு படகுகள் ஒட்டி ஒட்டி நின்றன. எங்கள் படகை அவற்றில் வெளிப்பக்கம் நின்ற படகோடு அணைத்தார்கள். ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவித்தான் கரையேற வேண்டும். இரண்டுக்கும் நடுவே தண்ணீர் திறந்து திறந்து மூடியது. சீற்றைக் கீழ்த்தட்டிலேயே விட்டுவிட்டு வந்தும், பிடித்து ஏற எனக்கு இரண்டு கையும் தேவை.

“பிள்ளையைத் தாரும்!” மற்றப் படகில் நின்ற ஒருவர் கையை நீட்டினார். இங்கே குழந்தைகள் இப்படித்தான் கரையேறுவார்களாம். றொரன்ரோவில் பக்கத்து வீட்டுக்காரரிடம்கூட ஒரு நிமிடம் நான் இவனை விட்டதில்லை. பின்னால் சனம் தள்ளியது. கொடுத்தேன். அவரிடமிருந்து ஒரு பெண்ணின் கைக்கு, அவளிடமிருந்து கரையில் நின்ற யாரோ ஒருவரிடம். பிறகு சனத்தின் தலைகளுக்குள் அவனைக் காணவில்லை.

“ஆதவன்!” என்று கத்தினேன். அப்போது கரையிலிருந்து ஆதவன் வீரிட்டு அழுவது கேட்டது. அழுகிறான், அப்படியென்றால் இருக்கிறான், கரையில் இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டே மற்றப் படகில் கால் வைத்தேன்.