கிளட்ச் சரியான வெள்ளிக்கிழமை

போன வருடம் நோன்புப் பெருநாள் முடிந்து கொஞ்ச நாளில், நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் நடந்தது இது.

எனக்குச் சுரங்க அலுவலகத்தில் பர்மனென்ட் வேலை. என் கணவர் கனரக வண்டிகளைப் பழுது பார்க்கும் கான்ட்ராக்ட் மெக்கானிக்காக இருந்தார். கான்ட்ராக்ட் முடிந்து, அடுத்தது கிடைக்காமல் அலைந்து, கடைசியில் வளைகுடாவுக்கு விமானம் ஏறினார். என்னால் வேலையை விட்டுவிட்டு அங்கே போக முடியாது. அவர் இங்கே வந்தால் வேலை இல்லை. இப்படியே வருடங்கள் ஓடிவிட்டன. வீட்டில் நானும் அவருடைய அம்மாவும் மட்டும்தான். நான் அவரை மாமி என்று கூப்பிடுவேன்.

போன் தினமும் வரும். சாப்பிட்டியா, அம்மா மாத்திரை போட்டாங்களா, வெயில் எப்படி? அதோடு பேச்சு தீர்ந்துவிடும். இரண்டு பக்கமும் கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு யாராவது ஒருவர் "சரி, வைக்கட்டுமா" என்போம். எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. சண்டை போடுவதற்கும் ஏதாவது விஷயம் வேண்டுமே!

கடைசியாக லீவில் வந்தபோது, மாற்றலாகிப் போகும் அதிகாரி ஒருவரிடமிருந்து பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினார். சிவப்பு நிறம், இரண்டே சீட், தரையை ஒட்டிய உயரம். அவருக்கு அப்படியொரு வண்டி மேல் சின்ன வயதிலிருந்தே கிறுக்கு. கிளட்ச் தேய்ந்து போயிருந்தது, சரி செய்ய நாள் இல்லை. "அடுத்த லீவுல நானே இறக்கிப் பாக்கறேன். அப்புறம் நீயும் நானும் மட்டும் இதுல கடலூர் பீச்சுக்குப் போறோம்" என்று சொல்லி, உறை போட்டு மூடிவிட்டுப் போனார். அந்த லீவு தள்ளிப்போனது. அதற்கடுத்ததும் தள்ளிப்போனது.

வண்டி நின்றே வீணாகிறதே என்று அவரே சொன்னதால், பண்ருட்டி சாலையில் உள்ள ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்தேன். அவர் புது கிளட்ச் போட்டு ஓட்டிக்கொண்டு வந்து விட்டார். "கியர் கொஞ்சம் இறுக்கமா விழுது, ஓட ஓட சரியாப் போயிடுங்க" என்றார்.

மறுநாள் காலையில் கிளட்சை முழுவதும் மிதித்துக்கொண்டுதான் ஸ்டார்ட் செய்தேன். ஆனால் முதல் கியரில் நின்றிருந்த வண்டி முன்னால் எகிறிப் பாய்ந்தது. துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மாமி வாளியைப் போட்டுவிட்டு ஓடினார். செடிவேலியில் முட்டி இன்ஜின் அணைந்தது. மாமி நின்ற இடத்துக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம்கூட இல்லை. கதவைத் திறந்து இறங்கவே எனக்கு நேரமாயிற்று.

மெக்கானிக் வந்து பார்த்தார். கியர்பாக்ஸை மறுபடி இறக்க வேண்டும், உள்ளே வேறு என்னென்ன போயிருக்கிறதோ தெரியாது, பார்ட்ஸும் சுலபத்தில் கிடைக்காது என்றார். நல்ல மனிதர்தான். அந்த மாதிரி வண்டியை அவர் அதுவரை தொட்டதில்லை. இதைக் கணவரிடம் சொன்னேன். "குடுத்துடு. அங்கேயே வாங்குறதுக்கு ஒருத்தர் இருக்காரு, ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கச் சொல்றேன்" என்றார்.

அவர் வண்டியைப் பற்றித்தான் பேசினார். என் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. திரும்பி வருகிற நினைப்பையே இந்த மனுஷர் கைவிட்டுவிட்டாரோ என்று தோன்றியது. அவர் சட்டைகள் பீரோவில் இருந்தன, செருப்பு கதவோரம் இருந்தது. ஆனால் 'நான் வருவேன்' என்று அவர் சொல்லிவிட்டுப் போனது அந்த வண்டியை வைத்து மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. நானும் அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு, காலையிலேயே வீடியோ காலில் கூப்பிட்டேன். "ஒரே ஒரு தடவை நீங்க பாருங்க. அதுக்கப்புறமும் குடுக்கச் சொன்னா குடுத்துடறேன்" என்றேன். தூக்கக் கலக்கத்தில் இருந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

"இன்ஜினை ஆன் பண்ணாம கியர் போடு."

எல்லா கியரும் வெண்ணெய் மாதிரி விழுந்தன.

"இப்ப நியூட்ரல்ல வச்சு ஸ்டார்ட் பண்ணு. கிளட்சை மிதிச்சு, மெதுவா ரிவர்ஸ் போடப் பாரு."

கரகரவென்று பல்லைக் கடிப்பது போலச் சத்தம். உடனே எடுத்துவிட்டேன்.

"அப்ப கியர்பாக்ஸ் நல்லாத்தான் இருக்கு. நீ மிதிச்சாலும் கிளட்ச் விடமாட்டேங்குது. பெடல் எப்படி இருக்கு?"

"பொதபொதன்னு இறங்குதுங்க."

அவர் முகம் மாறியது. போனுக்குள் வந்துவிடுவார் போல நெருங்கினார். "வேகமா நாலஞ்சு தடவை மிதி, விடு, மிதி. கடைசியில மிதிச்சபடியே கியர் போடு."

போட்டேன். சத்தமே இல்லாமல் விழுந்தது. அங்கே அவர் தொடையில் தட்டிக்கொள்வது கேட்டது. "ஆயில் குழாய்ல காத்து நிக்குதுடி! ஆயில் தள்ள வேண்டிய இடத்துல நீ காத்தை அமுக்கிகிட்டு இருக்க. கியர்பாக்ஸை இறக்கவே வேணாம். காத்தை வெளியேத்தினா போதும்."

'டி' போட்டு என்னைக் கூப்பிட்டு எத்தனை நாளாயிற்று!

அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதிக்க வேண்டும், இன்னொருவர் கீழே சின்ன ஸ்குருவைத் திறந்து மூட வேண்டும். மாமியைக் கூப்பிட்டேன். "அது என் மேல பாஞ்ச வண்டி, நான் ஏறமாட்டேன்" என்றார். பிள்ளை திரையிலிருந்து "அம்மா, எனக்காகம்மா" என்றதும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு டிரைவர் சீட்டில் இறங்கி உட்கார்ந்தார்.

"இன்னாடா வண்டி வாங்கிகிற, தரையில குந்திகினு போறாப்பல!"

என் கணவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். ஸ்குருவில் ஒரு டியூபை மாட்டி, மறுமுனையைப் புது ஆயில் ஊற்றிய பாட்டிலில் முக்கினேன். மாமி மிதித்துப் பிடித்துக்கொள்ள, நான் ஸ்பேனரால் திறந்தேன். குபுகுபுவென்று குமிழிகள். மூடியதும் மாமி காலை எடுப்பார். மேலே தொட்டியில் ஆயில் குறையாமல் ஊற்றச் சொல்லிக் கத்திக்கொண்டே இருந்தார் அவர். நடுவில் ஒருமுறை நான் மூடுவதற்குள் மாமி காலை எடுத்துவிட, வெளியேறிய காற்று மறுபடி உள்ளே போய்விட்டது. பாதி வேலை வீண். மூன்று பேரும் ஒரே நேரத்தில் திட்டிக்கொண்டோம். பிறகு மூன்று பேரும் சிரித்தோம். எங்கள் வீட்டில் அவ்வளவு சத்தம் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

கடைசியில் குமிழி நின்று ஆயில் மட்டும் வந்தது. "இப்ப கெட்டியா கீதுடா" என்றார் மாமி.

ஸ்டார்ட் செய்து ரிவர்ஸ் போட்டேன். அமைதியாக விழுந்தது. மாமியைப் பக்கத்து சீட்டுக்கு மாறச் சொல்லி, கையில் போனைக் கொடுத்து, மரங்கள் கவிந்த எங்கள் பிளாக் தெருவில் மெதுவாக ஓட்டினேன். இரண்டாவது கியர், மூன்றாவது கியர். அடிவயிற்றில் அந்த இன்ஜின் சத்தம். மாமி போனை வெளியே நீட்டி, "பாருடா, நம்ம தெரு" என்று ஒவ்வொரு வீடாகக் காட்டிக்கொண்டு வந்தார்.

அந்தப் பக்கம் பேச்சே இல்லை. வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் போனை வாங்கிப் பார்த்தேன். அவர் முகம் இல்லை. அடுக்குக் கட்டிலின் மேல்தட்டுதான் தெரிந்தது. போனைப் படுக்கையில் வைத்துவிட்டிருந்தார். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது. மாமியும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னொரு ரவுண்டு போ" என்று குரல் வந்தது. போனேன்.

வாங்க இருந்தவரிடம் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை போன் வந்தது. சாப்பிட்டியா, மாத்திரை, வெயில். பேச்சு தீரப் போகிற இடத்தில் எனக்குப் பயம் வந்துவிட்டது. என்னை அறியாமல், "கிளட்ச் மறுபடி லேசா இறங்குற மாதிரி இருக்குங்க" என்றேன். உண்மையில் பெடல் கெட்டியாகத்தான் இருந்தது. அவர், "அப்படியா... சரி, போய் வண்டியில உக்காரு. முதல்லேருந்து பாக்கலாம்" என்றார். குரலில் சிரிப்பு இருந்தது.

அவர் இன்னும் வரவில்லை. லீவு கேட்டிருக்கிறார், கிடைக்குமா தெரியாது. வெள்ளிக்கிழமைகளில் நான் அந்தத் தாழ்ந்த சீட்டில் உட்கார்ந்து, ஒன்றும் ஆகாத ஒரு கிளட்சைப் பற்றி அவரிடம் ஒரு மணி நேரம் சொல்கிறேன். ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்தே அவரும் அவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருக்கிறாரே, தூரத்தில் இருக்கிறவர்கள் ஒருவரை ஒருவர் இப்படித்தான் தொட்டுக்கொள்ள முடியும் போலிருக்கிறது.