நாலாவது கடையின் கூரை

கிளிநொச்சியில் கண்டி வீதியோரம் ஒரே வரிசையில் நாலு கடைகள் விலைக்கு வருகின்றன என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அறுபதுகளின் தொடக்கம் அது. வட்டக்கச்சி வயலை மட்டும் நம்பி, மழையின் முகம் பார்த்தே எத்தனை காலம் இருப்பது? என் தங்கக் காப்புகளைக் கழற்றிக் கணவரிடம் கொடுத்துவிட்டேன். நல்ல மனிதர்தான், ஆனால் ஒரு முடிவெடுக்க வைப்பதற்குள் எனக்குத் தலை நரைத்துவிடும்.

விற்பவர் யாழ்ப்பாணத்துக்காரர். வாடகை ஒப்பந்தங்களைக் கேட்டதற்கு, எல்லாம் வாய்க்கதைதான் என்று சிரித்தார். ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. அப்படியானால் கடைக்காரர் ஒவ்வொருவரும் தான் வாடகைக்கு இருப்பவர் என்று கையெழுத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வாங்காதீர்கள் என்று பத்திரம் எழுதும் நொத்தாரிசு கண்டிப்பாகச் சொன்னார். மூன்று பேர் உடனே வைத்தார்கள். நாலாவது, முல்லைத்தீவிலிருந்து வந்து தேத்தண்ணிக்கடை நடத்தும் முஸ்லிம் பெரியவர், எல்லோருக்கும் நானா. பார்ப்போம் என்றதோடு சரி. பல வருடங்களாகக் கூரையைத் தானே வேய்ந்து வருபவர். நாளைக்குக் கடையே தன்னுடையது என்று அவர் சொன்னால் வழக்கிலேயே எங்கள் காலம் போய்விடும். வேண்டவே வேண்டாம் என்றார் கணவர். வந்த கோபத்தில் அன்று கறிக்கு உப்புப் போடவில்லை.

அடுத்த நாள் விடியும்போதே யோசனை வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் கூரைக்குப் பின்னிய தென்னோலைக் கிடுகு கொடுப்பது சொந்தக்காரர். வேய்பவர்களுக்குச் சோறு போடுவது வாடகைக்கு இருப்பவர். விற்பவரிடம் சொல்லிவிட்டு, வண்டி நிறையக் கிடுகும் நாலு ஆட்களுமாக நானா கடை வாசலில் போய் நின்றோம். எங்கள் கிடுகை ஏற்றால் அவர் வாடகைக்காரர். திருப்பி அனுப்பினால் என் ஆசை அத்தோடு முடிந்தது.

நானா வண்டியைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார். திரும்பிப் போவோம் என்று கணவர் முணுமுணுத்தார். நான் மாட்டின் கயிற்றை விடவில்லை.

நானா வெளியே வந்தார்.

"அந்த யாழ்ப்பாணத்து மனிசன் ஒரு கிடுகுகூடத் தரேல்லை, தங்கச்சி. ஆரோ விக்கினம், ஆரோ வாங்கினம், ஒழுகிறது என்ர தலையில. பிறகென்னத்துக்கு நான் கையெழுத்து வைக்கிறது?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் கிடுகொன்றை உருவி, பின்னலை இழுத்துப் பார்த்தார்.

"சரி, ஆக்கள் எத்தினை பேர்? உலை வைக்கோணும்."

ஆறு பேர் என்றேன். வேய வந்தவர்கள் நாலு பேர்தான். மற்ற இரண்டு பேர் நானும் கணவரும்.