செருப்பில் வெட்டிய மிதப்பு

எங்கள் வீட்டு முன்னறையில் நாட்காட்டி மாட்டியிருக்கும் ஆணியில் ஒரு நீல இறப்பர்த் துண்டும் நூலில் தொங்குகிறது. பழைய செருப்பை வெட்டிச் செய்த வலை மிதப்பு அது. கடற்கரை வீட்டில் மிதப்பு கிடப்பது புதினமில்லை என்பதால் வருகிறவர்கள் யாரும் அதைப் பற்றிக் கேட்பதில்லை. ஆனால் அது ஒருநாளும் வலையில் கிடந்ததில்லை. என் தங்கையின் கணவன், என் வயதொத்த மச்சான், அவனுடைய இடது காதில் கிடந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை கோவில் திருவிழாச் சீட்டாட்டப் போட்டியில் நானும் அவனும் பல வருடங்களுக்குப் பிறகு மறுபடி ஒரு சோடியாக உட்காரப் போகிறோம். அதனால் சில நாட்களாக கிழிந்த வலையைப் பொத்தும்போதெல்லாம் என் கண் அந்த ஆணிக்கே போகிறது.

கச்சான் காற்று கிளம்பினால் கற்பிட்டிப் பக்கத்தில் எங்கள் சிறிய வள்ளங்கள் கடலுக்குப் போகாது. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு கரையோர ஓலைக் கொட்டிலான வாடியில் பாய் விரித்து முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம் ஆடுவோம். நான்கு பேர் ஆடும் ஆட்டம். எதிரெதிரே இருக்கிற இருவர் ஒரு சோடி. இத்தனை புள்ளி எடுப்பேன் என்று கூடக் கேட்டவன் ஒரு சீட்டைக் குப்புற வைப்பான்; அதன் இனம்தான் துரும்பு, மற்ற இனங்களை வெட்டும். ஆளுக்கொரு சீட்டுப் போட, பெரிய சீட்டுக்காரன் அள்ளுவது ஒரு பிடி. கேட்ட புள்ளி வராவிட்டால் அந்தச் சோடிக்குத் தோல்வி. எங்கள் வாடியில் காசு வைத்து ஆடக் கூடாது. அதற்குப் பதிலாக, தோற்ற இருவரும் ஆளுக்கொரு மிதப்பைக் காதில் கட்டிக்கொண்டு திரிய வேண்டும். அடுத்த ஆட்டத்தில் வென்றால்தான் கழற்றலாம். அப்படியே வீட்டுக்குத் தேத்தண்ணீர் குடிக்கப் போனவர்களும் உண்டு.

எனக்கு அது பெரிய கூச்சம். காதில் மிதப்போடு நாலு பேர் முன்னால் நிற்பதை நினைத்தாலே வியர்த்துவிடும். அதனால் தோற்காமல் இருக்கப் பழகினேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவன் நான். என்றாலும் எந்தச் சீட்டு விழுந்தது, எது விழவில்லை என்பது மட்டும் என் மனதில் அப்படியே நிற்கும். சீட்டுகளை இனவாரியாக அடுக்கி நெஞ்சோடு பிடித்துக்கொள்வேன். மச்சான் அடுக்கவே மாட்டான். எட்டுச் சீட்டையும் ஒரு தரம் பார்ப்பான், மூடி முழங்காலில் வைப்பான், பிறகு எதிர்ச் சோடியோடு கதை தொடங்கிவிடுவான். ஒரு முறை குறிஞ்சிப்பிட்டியிலிருந்து வந்த ஒருவர் என் கையிலிருப்பதை அவன் வாயிலிருந்து பிடுங்கப் பார்த்தார். மச்சான் சொன்னான்: “அந்த ஆளின்ட கையில என்ன இரிக்கெண்டு அந்தோனியாருக்கும் தெரியாது. நீங்க மெழுகுதிரி கொளுத்தினாலும் வேலையில்ல.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே எரிந்தது.

நாங்கள் வென்ற ஆட்டங்கள் கணக்கில்லை. ஆனால் வாடியில் யாரும் “நீங்கள் வென்றீர்கள்” என்று சொன்னதில்லை. “உன்ட மச்சான் வெண்டுட்டான்” என்று என்னிடமே வந்து சொல்வார்கள். எது விழவில்லை என்று கண் சாடையால் அவனுக்குக் காட்டியவன் நான். ஒருவரும் அந்தக் கண்ணைப் பார்க்கவில்லை. தோற்றாலும் பேர் அவனுக்குத்தான். மிதப்பைக் கட்டிக்கொண்டு தோடு போட்டவள்போலத் தலையை ஆட்டி நடப்பான், பெண்கள் வேலிக்குள் நின்று சிரிப்பார்கள். நான் காதைத் துவாயால் மூடிக்கொண்டு பனைகளுக்குப் பின்னால் போய் உட்காருவேன். வெல்லத் தெரிந்தவன்மேல் பொறாமைப்படுவது உலகத்தில் உள்ளதுதான். நான் அவனுக்கு அழகாகத் தோற்கத் தெரிந்ததற்காகவும் பொறாமைப்பட்டேன்.

ஒரு திருவிழாவின் கடைசி ஆட்டம். எதிரே குறிஞ்சிப்பிட்டிச் சோடி. வெல்கிறவர்களுக்கு உட்கார ஆளுக்கொரு பிளாஸ்டிக் கதிரை பரிசு. மச்சான் துணிந்து பெரிதாகக் கேட்டு ஆட்டின் என்கிற சிவப்பு இதய இனத்தைத் துரும்பாக வைத்திருந்தான். கடைசி இரண்டு பிடிகள் மிச்சம். குறிஞ்சிப்பிட்டிக்காரர் ஒருவர் இறக்கிய சீட்டை அவன் துரும்பின் ஒன்பதால் வெட்டினான், நான் மட்டும் போட மிச்சம். அந்தப் பிடி எங்களுக்கு என்பது நிச்சயம். என் கையில் துரும்பில்லாத ஒரு ஜாக்கியும் ஒரு எட்டும். இந்த ஆட்டத்தில் பெரிய சீட்டான ஜாக்கிக்கு முப்பது புள்ளி, எட்டுக்கு ஒன்றுமில்லை. இப்படி நேரத்தில் சோடிக்காரன் செய்ய வேண்டியது குழந்தைக்கும் தெரியும்: பெரிய சீட்டை அவன் பிடியில் போட்டுவிட வேண்டும்.

ஆனால் போட்டால், அந்த முப்பதும் அவன் பேரில் போகும். சுற்றி நின்றவர்கள் ஏற்கெனவே அவன் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். கடைசிப் பிடியை என் ஜாக்கியால் நான் எடுத்தால், ஒரு நாளாவது என்னைப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். ஒரு துரும்பு இன்னும் வெளியே நிற்கிறது என்பது எனக்குத் தெரியும். மற்றவர்கள் மறக்கலாம், நான் மறப்பவனில்லை. தெரிந்துகொண்டே எட்டைப் போட்டேன். கடைசிப் பிடியில் என் ஜாக்கி விழுந்தது, அதன்மேல் குறிஞ்சிப்பிட்டிக்காரரின் துரும்பு விழுந்தது.

அடுத்து மச்சான் செய்ததைத்தான் நான் இத்தனை வருடமாக மென்றுகொண்டிருக்கிறேன். யாரும் சரியாகப் பார்க்கும் முன்பே பாயிலிருந்த சீட்டு முழுவதையும் இரண்டு கையாலும் வாரிக் கலக்கிவிட்டான். “பிழை என்ட. நான்தான் பேராசையில கூடக் கேட்டுட்டன்” என்றான். எனக்கு வைத்திருந்த மிதப்பையும் பிடுங்கி, இரண்டு காதிலும் கட்டிக்கொண்டு கல்யாணப் பெண்போல எழுந்து நின்றான். கூட்டம் கதிரை வென்றவர்களை விட்டு அவனைச் சுற்றியது. நான் நன்றியோடு இருந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம். என் பிழையைக்கூட அவன் என்னிடம் விடவில்லையே என்று நினைத்தேன். திருவிழாக் கூட்டம் கலைந்ததும் அவன் இடது காதிலிருந்து கழற்றிப் போட்ட மிதப்பை மணலிலிருந்து எடுத்து வந்தேன். அதன்பிறகு முதுகு வலி என்று சொல்லி அவனோடு ஆடுவதை விட்டேன். இரண்டு வருடத்தில் அவன் இத்தாலிக்குப் போனான்.

போன கிழமைதான் திரும்பி வந்தான். தலை நரைத்து, வயிறு வைத்து, அதே வாயோடு. முற்றத்தில் சைக்கிளை விட்டுவிட்டு வந்து, திருவிழாவுக்கு எங்கள் இருவர் பேரையும் கொடுத்துவிட்டதாகச் சொன்னான். முதுகு வலியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். “முதுகாலயா மச்சான் சீட்டு ஆடுற?” என்றான். அடுப்படியில் நின்ற என் தங்கை சிரித்தாள். பிறகு அவன் கண் சுவருக்குப் போனது. “அது என்னடா, செருப்புத் துண்டு?”

அப்போது சொல்லிவிட்டேன். என் வாழ்க்கையில் நானாகத் தொடங்கிய கதைகள் குறைவு. “அண்டைக்கு அந்த ஜாக்கிய உன்ட பிடியில போட்டிருக்கலாம். வேணுமெண்டுதான் வச்சிருந்தன்.”

அவன் மிதப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “எந்த ஜாக்கி?” என்றான்.

விளக்கிச் சொன்னேன். ஆட்டின் துரும்பு, கடைசி இரண்டு பிடி, பிளாஸ்டிக் கதிரை. அவன் நெற்றியைச் சுருக்கி யோசித்தான். “கதிரை ஞாபகம் இரிக்கு. மற்றது தெரியாது மச்சான்” என்று சொல்லிவிட்டுத் தங்கை கொண்டுவந்த தேத்தண்ணீரை வாங்கிக் குடித்தான். அவன் நடிக்கிறானா என்று முகத்தைப் பார்த்தேன். எத்தனையோ பேரின் முகத்தைப் பார்த்துச் சீட்டுச் சொன்னவன் நான். அவனிடம் ஒன்றும் தெரியவில்லை. உண்மையாகவே மறந்துவிட்டான் போலிருந்தது. அவன் கையில் எத்தனையோ நல்ல சீட்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த மறதியின்மேல் வந்த அளவு ஆசை அவற்றில் எதன்மேலும் எனக்கு வந்ததில்லை.

இந்தக் கிழமை முழுவதும் நான் ஆயத்தம் செய்வது ஒன்றுக்காகத்தான். சீட்டுகளை நினைவில் வைக்கப் பழக வேண்டியதில்லை. அது போகவில்லை. வலையைக் காலில் இழுத்துப் பிடித்துக்கொண்டு, மனதுக்குள் பாய் விரித்து, அவனை எதிரே இருத்துகிறேன். கூட்டம் அவன் பேரைச் சொல்கிறது. என் கையிலிருக்கும் மிகப் பெரிய சீட்டை அவன் பிடியில் போடுகிறேன். முதல் நாள் மனதுக்குள்ளும் கை வரவில்லை. நேற்று இரண்டு முறை போட்டேன், மூன்றாம் முறை எட்டைத்தான் எடுத்தேன்.

இன்று காலை ஆணியிலிருந்த மிதப்பைக் கழற்றினேன். அதே அளவில் இன்னொன்று வெட்டி, தோற்றால் இரண்டையும் நானே கட்டிக்கொள்ளலாமா என்று யோசித்தேன். கட்டினால் “மச்சானப் போல செய்யப் பார்க்கிறான்” என்பார்கள். அதனால் வெட்டவில்லை. பழைய நூலை அறுத்துவிட்டு என் காதுக்கு அளவாகப் புது நூல் கட்டி, ஞாயிற்றுக்கிழமை போடப்போகும் சட்டையின் பைக்குள் அந்த ஒன்றை மட்டும் வைத்தேன். அது என் பங்கு.