அண்ணனின் காலில் கண்ணாடிச் சில்லு

இன்று போனில் ஒரு வீடியோ வந்தது... பார்த்து உறைந்துவிட்டேன்!

உயிருள்ள நரம்பு செல்லுக்குள், அதற்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாக்கள் ஊர்ந்து போகின்றன! சில முன்னே, சில பின்னே, சில நடுவழியில் நின்றுவிடுகின்றன. (நம் டவுன் பஸ் மாதிரியேதான்.)

எண்பதுகளில் தென்காசியில் ஒரு காலேஜில் நான் விலங்கியல் ஆசிரியை. இந்தப் பாடத்தை வருடா வருடம் நடத்தியவள். ஆனால் அது எனக்குப் புரிந்தது வகுப்பில் இல்லை. குற்றாலத்தில், என் அண்ணன் காலில்!

சாரல் நேரம். அண்ணன் போலீஸ்காரன், ஆறடி உயரம். சர்க்கரை வியாதி உண்டு. மாத்திரை? போடச் சொன்னால் முறைப்பான்.

நான் அருவியில் பெண்கள் பக்கம் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டே வந்தேன். அண்ணன் துண்டைக் கட்டிக்கொண்டு எண்ணெய் தேய்க்க உட்கார்ந்திருந்தான். தேய்த்துவிட்டவர் திடீரென்று கையை எடுத்தார். விரலெல்லாம் ரத்தம்!

"அண்ணாச்சி, உள்ளங்கால்ல கண்ணாடிச் சில்லு குத்திக்கிட்டு நிக்கி! வலிக்கலையா?"

"எங்கன?" என்று குனிந்து பார்த்தான் அண்ணன்.

நான் பெரிய மேதாவி போலச் சொன்னேன்: "தண்ணி என்னா குளிரு! காலு மரத்திருக்கும்ணே."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"அக்கா, அண்ணாச்சி இன்னும் தண்ணிக்கே போகலியே. இப்பம்தான எண்ணெ தேய்க்கேன்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கால்விரலுக்கு வரும் நரம்பு செல்லின் உடல் முதுகெலும்பின் ஓரத்தில் இருக்கிறது. அங்கிருந்து விரல் நுனி வரை ஒரே செல்! நான் போர்டில் செல்லின் உடலை எலுமிச்சம்பழ அளவில் வரைவேன். அந்தக் கணக்கில் நுனி காலேஜ் கேட்டைத் தாண்டி ரோட்டில் கிடக்க வேண்டும். நானோ போர்டு முடிகிற இடத்தில் நிறுத்திவிடுவேன்.

அவ்வளவு தூரமும் புது மைட்டோகாண்ட்ரியா போய்ச் சேர வேண்டும். பழுதானதை அகற்ற வேண்டும். பயணமே பல நாள். சர்க்கரை இந்த ஏற்பாட்டைக் கெடுக்கும்போது, முதலில் உணர்ச்சி இழந்து வாடுவது அந்தக் கடைசி நுனிதான்.

இத்தனையும் தெரிந்த எனக்கு அண்ணன் விஷயத்தில் தோன்றவே இல்லையே! வெட்கமாக இருந்தது. காலையே எடுத்துவிடுவார்களோ என்று பயமாகவும் இருந்தது.

அன்றைக்கே தென்காசியில் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். (பதற வேண்டாம், கால் தப்பித்தது. சுண்டுவிரல் மட்டும் போனது.)

"கண்ண மூடிக்கோங்க. குத்துறது தெரிஞ்சா சொல்லுங்க" என்றார் டாக்டர்.

குண்டூசியை எடுத்தார். பெருவிரலில் குத்தினார். பாதத்தில் குத்தினார். கணுக்காலுக்கு வந்துவிட்டார்.

நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

அண்ணன் கண்ணைத் திறக்காமலே கேட்டான்:

"எப்பம் சார் ஆரம்பிப்பிய?"