கசியும் இடத்தில் கோளாறு இல்லை

செவ்வாய்க்கிழமை காலை ஒரு நோயாளியின் கண்ணில் சொட்டுமருந்து விட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "அப்பா தவறிட்டாரு டாக்டர். நாலு நாள் காய்ச்சல்தான். உங்களுக்கு மொதல்ல சொல்லச் சொன்னாங்க அம்மா" என்றாள் கலியபெருமாளின் மகள். கண் டாக்டருக்கு யாரும் முதலில் சாவுச் செய்தி சொல்வதில்லை. எனக்குச் சொன்னார்கள்.

அண்ணாமலை நகர் பல்கலைக்கழகக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தவர்களுக்கு அவரைத் தெரியாமல் இருக்காது. குழாய் பிட்டராக அவர் நுழையாத வீடு அங்கே கிடையாது. ஓய்வுபெற்றுத் திருவந்திபுரத்தில் இருந்தவர், மூன்று வருடத்துக்கு முன் சிதம்பரத்தில் என் கிளினிக்குக்கு வந்தார். ஒருநாள் காலை எழுந்ததும் இடது கண்ணில் பாதிப் பார்வை மங்கியிருந்தது.

விழித்திரையைப் படம் எடுத்தேன். குங்குமம் கொட்டியதுபோல் ரத்தம் கசிந்திருந்தது. ரத்த அழுத்தமோ அன்று ஏறக்குறைய சரியாகவே இருந்தது. ஆனால் படத்திலிருந்த ரத்தக்குழாய்கள் பல வருட அழுத்தத்தில் விறைத்துப் போனவை. பிரஷர் மாத்திரை போடுகிறீர்களா என்று கேட்டேன்.

"போடறனே."

"தினமுமா?"

கொஞ்சம் யோசித்தார். "டாக்டர்கிட்ட போற அன்னிக்குப் போட்டுடுவன். அதுக்கு ரெண்டு நாள் முன்னாடியும் போட்டுடுவன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "மெஷின ஏமாத்தலாம். கண்ணுக்குள்ள இருக்கற ரத்தக்குழாய ஏமாத்த முடியாது" என்று கத்திவிட்டேன். வலது கண்ணிலும் அதே அறிகுறி இருந்தது. அதுவும் போனால் பேப்பர் படிக்க முடியாது என்பதையும் சொன்னேன்.

வேறு யாராவது என்றால் இடிந்துபோயிருப்பார்கள். அவர் நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். "இந்த எடத்துல ஒரு லைனு இன்னொண்ணு மேல ஏறிப் போவுதே, ஏன் டாக்டர்?" மேலே போவது தமனி, கீழே போவது சிரை, அங்கே இரண்டுக்கும் ஒரே உறை என்றேன். "அப்ப மேல இருக்கறது வெறைச்சா கீழ இருக்கறது நசுங்கும். போக வழியில்லாம பின்னால வீங்கிக் கசியும். அதானே?" அதேதான். நான் வருடக்கணக்கில் படித்ததை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். கிளம்பும்போது சொன்னார்: "கசியற எடத்துல கோளாறு இருக்காது டாக்டர். வேற எங்கியாவது இருக்கும்."

கண்ணுக்குள் சில ஊசிகள் போட்டதில் இடது கண் ஓரளவு தெளிந்தது. வலது கண்ணைப் பற்றிய பயம் மட்டும் எங்கள் இருவருக்கும் போகவில்லை. வரும்போதெல்லாம் பழைய படத்தையும் புதிய படத்தையும் சேர்த்து வைத்துக் காட்டச் சொல்வார். கிட்னியிலும் மூளையிலும் இப்படித்தான் இருக்குமா என்று கேட்பார். அங்கேயும் மெல்லிய குழாய்கள்தான், ஆனால் எதையும் கிழிக்காமல் நேரில் பார்க்க முடிவது கண்ணில்தான் என்றேன். "அப்ப இதான் மூடி தெறந்து பாக்கற எடம்" என்றார். அதற்கப்புறம் நோயாளிகளுக்கு நானும் அப்படித்தான் சொல்கிறேன்.

ஒருநாள், "உங்க கண்ண எப்ப பாத்தீங்க?" என்றார். பார்த்ததே இல்லை. "ஏன், டாக்டருங்களுக்கு வராதா?" என்று சீண்டினார். வீம்புக்குப் போய் கேமரா முன்னால் உட்கார்ந்தேன். படம் திரையில் வந்ததும் கோடு கோடாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு ஓரிடத்தில் விரலை வைத்தார். "இங்க நசுங்குது பாருங்க." நசுங்கியிருந்தது. நாற்பத்தெட்டு வயதில் என் ரத்த அழுத்தம் எவ்வளவு என்று எனக்கே தெரியாது. அவர் முன்னால் வெட்கமாக இருந்தது. அவர் சிரிக்கவில்லை. "ஆபீசர் வர்ற அன்னிக்கு மட்டும் டேங்கக் கழுவுனா ஆவாது டாக்டர். நான் பட்டுட்டன், நீங்களும் படாதீங்க" என்றார்.

புதன்கிழமை திருவந்திபுரம் போனேன். அவர் மனைவி பாதி தீர்ந்த மாத்திரை அட்டையை எடுத்து வந்தார். "காய்ச்சல்லயும் இத வுடல. போன வெள்ளிக்கிழமகூட வலது கண்ணால பேப்பர் படிச்சிக் காட்னாரு. மீதிய என்னா பண்றது டாக்டர்?" என்று கேட்டார். அந்தப் படத்துக்குப் பிறகு நானும் போட ஆரம்பித்த அதே மாத்திரை என் கைப்பையில் இருந்தது. அழுதுவிட்டேன்.

இப்போதெல்லாம் நான் நோயாளிகளிடம் கத்துவதில்லை. நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொள்ளச் சொல்கிறேன். அது அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது. இன்னொன்று காலை மாத்திரை. இன்று எந்த ஆபீசரும் வரவில்லை, கலியபெருமாள் அண்ணா. போட்டுவிட்டேன்.