படிகத்துக்கு அடியில் பசை

இடது கையின் இரண்டு விரல்கள் செப்புத் தட்டைப் பிடித்திருக்க, வலது கை அதில் ஒட்டியிருந்த கருப்புப் படிகத்தின் விளிம்பில் கத்தி முனையை நுழைத்தது. படிகம் மிளகு அளவுதான். அவசரப்பட்டால் பொடியாகிவிடும். நெம்பாமல், மூச்சை அடக்கிக்கொண்டு, பசை தானாக விடும்வரை கத்தியை அங்கேயே வைத்திருந்தாள்.

"அதைக் கழட்டி என்னம்மா பண்ணப் போறீங்க? அதான் முடிவு பண்ணியாச்சே," என்றார் ஆய்வுக்கூடத் தலைவர், வாசலில் நின்றபடி.

"நீங்க முடிவு பண்ணீங்க சார். நான் இன்னும் பண்ணலை."

வார இறுதியில் படிகம் வளர்க்கும் உலையை அணைத்துவிடுவது, படிகங்களை இனி வெளியிலிருந்து வாங்குவது, அவளைப் பொருள் கிடங்குக்கு மாற்றுவது என்று அவர் முடிவு செய்திருந்தார்.

அங்கே அவளுக்கு உலைக்காரம்மா என்று பெயர். பீங்கான் தொழிற்சாலையில் சூளையைப் பார்த்துக்கொண்டிருந்தவள், அது மூடிய பிறகு இங்கே வந்தாள். பொடி கலக்கவும், உருக்கவும், வாரக்கணக்கில் மெல்ல ஆறவிடவும், வளர்ந்த படிகத்தை ஏடு ஏடாக உரிக்கவும் கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றாள். முதலில் வளர்ந்தவை அடுப்புக்கரிக்குக்கூட ஆகவில்லை.

அந்தப் படிகத்தைக் குளிரவைத்தால் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும். உயர் வெப்பநிலை மீக்கடத்தி என்று சொல்வார்கள். அந்த 'உயர்ந்த' வெப்பநிலைக்குக் கொண்டுபோனால் பனிக்கட்டிக்கே ஜன்னி கண்டுவிடும். அந்தக் குளிரில் உள்ளே எலக்ட்ரான்கள் ஜோடி ஜோடியாகத் திரியும். தலைவர் லேசர் ஒளியை ஒரு சொடுக்கு சொடுக்கி அவற்றைப் பிரிப்பார். பின்னாலேயே இன்னொரு சொடுக்கை அனுப்பி, அவை எப்படி மறுபடி சேர்கின்றன என்று பார்ப்பார். ஒரு நொடியை லட்சம் கோடித் துண்டாக்கினால், அதில் சில துண்டுகளுக்குள் பிரிவும் சேர்க்கையும் முடிந்துவிடும்.

இதை வீட்டில் சொன்னபோது, பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்த கணவன் சிரித்தான். "நம்ம சண்டை மாதிரிதான். ஆனா நமக்குச் சேர ஒரு வாரம் ஆகுதே!"

"நீ மன்னிப்பு கேட்டா நொடியில ஆகும்."

ஆனால் கடைசியாக அளந்த மூன்று படிகங்களிலும் ஜோடிகளையே காணோம். தட்டிலிருந்த வெப்பமானி நல்ல குளிர் என்றது; எலக்ட்ரான்களோ குளிரைக் கண்டதே இல்லை என்பதுபோல் நடந்துகொண்டன. ஒளியை மிகவும் மங்கலாக்கினால் மட்டும் ஜோடியின் சாயல் கொஞ்சம் தெரிந்தது. படிக வளர்ப்பு கெட்டுவிட்டது என்றார் தலைவர்.

"விட்டுத் தள்ளு. கிடங்குல ஃபேன் இருக்கும், நாற்காலி இருக்கும்," என்றான் கணவன்.

"அப்ப நீ போய் உட்காரு."

படிகம் தட்டைவிட்டு வந்தது. அதைத் திரவ நைட்ரஜனில் முக்கியெடுத்து, குளிர்ந்த காந்தத்தின் மேல் விட்டாள். காந்தத்தைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது. உள்ளே ஜோடி சேராத படிகம் அப்படி நிற்காது.

"கெட்ட படிகம் இப்படி நிக்குமா சார்?"

அவர் குனிந்து பார்த்தார். "நிக்குது, சரி. அப்ப என் லேசர் பொய் சொல்லுதா?"

அவள் செப்புத் தட்டை உருப்பெருக்கிக்கு அடியில் வைத்தாள். பசை மெத்தை மாதிரி கிடந்தது. முன்பு ஒருமுறை குளிரில் படிகம் கழன்று விழுந்ததிலிருந்து, விழக்கூடாதென்று தாராளமாகப் பூசிக்கொண்டிருந்தாள். ஒளி கொட்டும் சூடு அதைத் தாண்டிச் செம்புக்கு இறங்க முடியவில்லை. கீழே தட்டு குளிர்ந்திருக்க, மேலே படிகம் வெந்துகொண்டிருந்தது.

"பொய் சொன்னது நான் சார். பசை தடிச்சுப்போச்சு."

அவர் முகம் சிவந்தது. "அப்ப இத்தனை மாச அளவும் உங்க கையால வீணா?"

"ஆமா. என்னைத் திட்டுங்க. கிடங்குக்கு அனுப்பணும்னா அனுப்புங்க. உலை ஒரு தப்பும் பண்ணலை. அதை அணைக்க விடமாட்டேன்."

"விடமாட்டீங்களா?"

"காலையிலயே அடுத்த படிகத்துக்குப் பொடியை உலையில ஏத்திட்டேன். பாதியில நிறுத்தினா உள்ள எல்லாம் பாறையா இறுகிடும், உலையும் போயிடும்."

"யாரைக் கேட்டு ஏத்துனீங்க?"

"உங்களைக் கேட்டா வேண்டாம்னுதானே சொல்லியிருப்பீங்க?"

அவர் அந்தரத்தில் நின்ற படிகத்தைப் பார்த்தார். "இன்னொரு தடவை அளக்கிறேன். ஜோடி தெரியலைன்னா, இது வளர்ந்து முடிஞ்சதும் உலைக்குப் பூட்டு."

"தெரிஞ்சா?"

"உலை உங்ககிட்டயே இருக்கும்."

தட்டைத் துடைத்தாள். ஊசி முனையில் வெள்ளிப் பசையைத் தொட்டு, படிகத்தை எடுத்து அதன் அடிப்பக்கம் மூச்சுப் பட்ட ஈரம்போல் மெல்லிசாக இழுத்து, தட்டில் அழுத்தி வைத்தாள். காய்ந்ததும் தட்டைக் கவிழ்த்து நன்றாக உதறினாள். தலைவர் பதறிக் கை நீட்டினார். படிகம் அசையவில்லை.

"கையுறை போடுங்க சார்."

அவர் போட்டுக்கொண்டார். தட்டை அவர் கையில் வைத்தாள்.